தி லேடி ஃப்ரம் ஷாங்காய்: காதல் கதையா, காதல் செத்த கதையா? பாத்தவங்க வாங்க

கார்த்தி_கோவை (கேள்வி)

வணக்கம் மக்களே. முதல்லயே சொல்லிடறேன், முடிவு வரைக்கும் கதைய பேசப்போறேன், பாக்காதவங்க பாத்துட்டு வாங்க, 87 நிமிஷம்தான் படம்.

கொஞ்ச நாளா பழைய நுவார் படமா, அதாவது இருட்டு நிழல்னு வர்ற அந்த கால க்ரைம் படமா, தேடி பாத்துட்டு வர்றேன், அப்படி ஆர்சன் வெல்ஸோட 'தி லேடி ஃப்ரம் ஷாங்காய்' பாத்தேன். கடைசில அந்த கண்ணாடி அறை சண்டை வருதே, சாய்ஞ்சு கிடந்தவன் எழுந்து உக்காந்துட்டேன், ஒரு ஆள் பத்து ஆளா தெரியறதும் எது நிஜம் எது பிம்பம்னு தெரியாம ஆளுக்காள் சுட்டுக்கறதும் கண்ணாடி ஒவ்வொண்ணா நொறுங்கறதும், 1940கள்ல எடுத்ததுன்னு நம்பவே முடியல.

ஆனா அதுக்கு முன்னாடி இருக்கற படம்தான் எனக்கு செட் ஆகல. மைக்கேல் ஓஹாராங்கற கப்பல்காரன் (வெல்ஸே நடிச்சிருக்கார்) நியூயார்க் சென்ட்ரல் பார்க்ல குதிரை வண்டில போற எல்சாவ (ரீட்டா ஹேவொர்த்) பாக்கறான், ரவுடிங்ககிட்டேர்ந்து காப்பாத்தறான், உடனே அவளோட புருஷன் பானிஸ்டர், பெரிய கிரிமினல் லாயர், ரெண்டு கைத்தடி ஊனிக்கிட்டு இவனை தேடி வந்து என் படகுல வேலைக்கு வான்னு கூப்பிடறார், அப்பறம் படகு, மெக்சிகோ, ஒரு முத்தம், கன்னத்துல ஒரு அறை, அதுக்குள்ள ரெண்டு பேரும் உயிருக்குயிரா காதலிக்கறாங்கன்னு நாம நம்பணும். எப்ப காதல் வந்துச்சு? அவங்க சிரிச்சு பேசற ஒரு சீன் கூட இல்லையே. அவன் அவளுக்காக கொலைப்பழியையே ஏத்துக்க போறான், நமக்கு அந்த ஈர்ப்பு ஒரு துளி கூட ஒட்ட மாட்டேங்குது.

இதுல இன்னொரு விஷயம், வெல்ஸும் ரீட்டா ஹேவொர்த்தும் அப்ப நிஜ புருஷன் பொண்டாட்டி, பிரியற நிலைமைல இருந்தாங்கன்னு படிச்சேன். பிரியப்போற பொண்டாட்டிய வெச்சு இப்படி ஒரு வில்லி கேரக்டர் எடுத்தார்னா அது பழிவாங்கறதா? இல்ல படம் ஒட்டாததுக்கு ஸ்டுடியோ வெட்டினதுதான் காரணமா? அந்த கிரிஸ்பியோட திட்டமும் எனக்கு சுத்தமா புரியல. யாராவது பொறுமையா சொல்லுங்க.

---

எடிட்டிங்_டேபிள்

கார்த்தி ப்ரோ, கதை புரியலன்னு கவலைப்படாதீங்க. கொலம்பியா ஸ்டுடியோ முதலாளி ஹாரி கோன் முதல்ல எடிட் பண்ணி வெச்ச படத்த பாத்துட்டு, இந்த கதைய எனக்கு யாராவது விளக்கினா 1000 டாலர் தர்றேன்னு சொன்னதா சினிமா வட்டாரத்துல ரொம்ப காலமா ஒரு கதை உண்டு. வெல்ஸாலயே முடியலன்னும் அதுக்கு ஒரு வாலு சேத்து சொல்வாங்க.

முதல்ல திட்டத்த சொல்லிடறேன். கிரிஸ்பி, பானிஸ்டரோட பார்ட்னர். அவன் மைக்கேல்கிட்ட என்ன சொல்றான், என்னை நீ கொன்ன மாதிரி நடி, கொன்னேன்னு எழுதி கையெழுத்து போடு, 5000 டாலர் தர்றேன், பொணம் கிடைக்காததால உனக்கு தண்டனை கிடைக்காது, நான் செத்தவனா கணக்காகி எங்கயாவது தீவுல போய் நிம்மதியா இருப்பேன். அந்த காசுல எல்சாவ கூட்டிட்டு ஓடிடலாம்னு மைக்கேல் கணக்கு போடறான். நிஜ திட்டம் வேற. கிரிஸ்பியும் எல்சாவும் சேந்து பானிஸ்டர முடிக்கப் பாக்கறாங்க, பழி இவன் தலைல. நடுவுல ப்ரூம்ங்கற துப்பறியற ஆளு மோப்பம் புடிச்சிடறான், கிரிஸ்பி பதறிப்போய் அவனை சுட்டுடறான், இனிமே இவனை நம்ப முடியாதுன்னு எல்சா கிரிஸ்பிய சுட்டுடறா. இப்ப நிஜமாவே கிரிஸ்பியோட பொணம் கிடைச்சிடுச்சு, மைக்கேல் கையெழுத்து போட்ட வாக்குமூலமும் இருக்கு. அவனுக்காக வாதாட வர்றது யாரு, அதே பானிஸ்டர், அதுவும் தோக்கணும்னே வாதாடற பானிஸ்டர்.

இதுல ஓட்டை இருக்கு, மறைக்க வேண்டாம். பார்ட்னர் செத்தா வர்ற இன்சூரன்ஸ் பணம் வேணும்னுதான் கிரிஸ்பி இறங்கறான், ஆனா அவனே சட்டப்படி செத்தவன் ஆயிட்டா அந்த பணத்த யார் போய் வாங்கறது? படம் இதுக்கு பதிலே சொல்லல. இது வெட்டினதால வந்த ஓட்டை மட்டும் இல்ல, அடிப்படை கதைலயே இருக்கற ஓட்டைன்னுதான் நான் நினைக்கறேன். ஷெர்வுட் கிங் 1938ல எழுதின ஒரு நாவல்தான் மூலம். வெல்ஸ் அப்ப 'அரவுண்ட் தி வேர்ல்ட்'னு ஒரு பிரம்மாண்ட மேடை நாடகம் போட்டுட்டு இருந்தார், பணம் கட்டாம மாட்டியிருந்த காஸ்ட்யூம்ஸ வெளிய எடுக்க அவசரமா பணம் தேவைப்பட்டுச்சு, கோனுக்கு போன் போட்டு பணம் அனுப்பு உனக்கு ஒரு படம் பண்ணி தர்றேன்னார், என்ன கதைன்னு கேட்டதும் பக்கத்துல யாரோ வெச்சிருந்த புக்கோட பேர பாத்து சொல்லிட்டார், இது வெல்ஸே பேட்டிகள்ல சொல்லி ரசிச்ச கதை. அதுல எவ்வளவு மிகைன்னு தனி விவாதம், ஏன்னா வில்லியம் காஸில்ங்கற இயக்குநர் அந்த நாவல ஏற்கனவே கொலம்பியால பேசி வெச்சிருந்தார், படத்துலயும் அவர் பேர் இருக்கு. ஆனா கதை மேல வெல்ஸுக்கு பெரிய பிடிப்பு கிடையாதுங்கறது படத்த பாத்தாலே தெரியுது. அவருக்கு பிடிப்பு இருந்தது மனுஷங்க மேல, அதுலயும் பணத்துல ஊறி ஒருத்தரையொருத்தர் கடிச்சிக்கற மனுஷங்க மேல.

இப்ப வெட்டு விஷயம். வெல்ஸோட முதல் கட் சுமார் 155 நிமிஷம். நாம பாக்கறது 87. கிட்டத்தட்ட பாதி படம் போச்சு. எடிட்டர் வயோலா லாரன்ஸ், கொலம்பியாவோட சீனியர் எடிட்டர், கோன் சொன்னபடி வெட்டினாங்க. கண்ணாடி அறை வர்ற அந்த பொழுதுபோக்கு பூங்கா ஃபன் ஹவுஸ் சீன் மட்டும் 20 நிமிஷம் போல இருந்துச்சாம், இப்ப மூணு நாலு நிமிஷம். நீங்க கேட்ட அந்த "எப்ப காதல் வந்துச்சு"க்கு பதில் வெட்டி போட்ட துண்டுல இருந்திருக்கலாம், இல்லாமயும் இருந்திருக்கலாம்.

ஆனா வெட்டினத விட எனக்கு வலிக்கறது சேத்ததுதான். படகுல எல்சா மல்லாக்க படுத்து பாட்டு பாடற சீன் ஞாபகம் இருக்கா, அதுல அவ முகத்துக்கு ஒரு மெத்துமெத்துன்னு க்ளோசப் வரும், முடி ஒரு இழை கலையாம, காத்தே இல்லாம. அதுக்கு முந்தின ஷாட்ல கடல் காத்து அடிச்சிட்டு இருக்கும், வெயில் சுள்ளுன்னு இருக்கும். அந்த மாதிரி க்ளோசப் எல்லாம் கோன் கேட்டு அப்பறம் ஸ்டுடியோக்குள்ள எடுத்து ஒட்டினது. நட்சத்திரத்தோட முகம் காட்டலன்னா எதுக்கு நட்சத்திரம்னு அவர் வாதம். அந்த பாட்டும் அப்படித்தான், ரீட்டா பாடல, குரல் அனிடா எல்லிஸ். அந்த ட்யூனயே இழுத்து இழுத்து படம் பூரா பின்னணி இசையாவும் போட்டுட்டாங்க. வெல்ஸ் இத எதிர்த்து கோனுக்கு நீளமா கடிதமே எழுதினார், எல்சா பாறைலேர்ந்து தண்ணில குதிக்கற இடத்துல போட்ட இசை கார்ட்டூன் படத்துக்கு போடற மாதிரி இருக்குன்னு கோவப்பட்டிருப்பார். அந்த சீன திரும்ப போட்டு கேட்டு பாருங்க, அவர் கோவம் நியாயம்னு தெரியும்.

---

ரீல்_ராணி

நான் ரீட்டாவுக்காக பேச வந்திருக்கேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

"பழிவாங்கினார்"ங்கற பேச்ச கேட்டு கேட்டு எனக்கு சலிச்சுப்போச்சு. வெல்ஸ் அவங்களோட அழகான சிவப்பு முடிய வெட்டி வெள்ளையா ப்ளீச் பண்ணி பொண்டாட்டிய அவமானப்படுத்தினார்னு எழுதறாங்க. ஏதோ அவங்களுக்கு சொந்தமா ஒரு புத்தியே இல்லாத மாதிரி. முடி வெட்டினது ரகசியமா நடக்கல, பத்திரிகை போட்டோகிராபர்கள கூப்பிட்டு வெச்சுதான் வெட்டினாங்க, அந்த போட்டோ எல்லாம் இன்னிக்கும் இருக்கு. அவங்க நடிச்ச 'கில்டா' 1946ல வந்து ஊரே அவங்க கூந்தல பத்தி பேசிட்டு இருந்த நேரம், கோன் கத்தி தீத்ததா சொல்வாங்க, அது நம்பற மாதிரிதான் இருக்கு, ஏன்னா அவருக்கு அந்த முடி ஒரு முதலீடு. அந்த சிவப்பே அவங்களோட பிறவி நிறம் கிடையாது. அவங்க பேரு மார்கரிட்டா கன்சினோ, அப்பா எடுவார்டோ ஸ்பெயின்காரர், டான்ஸர், சின்ன வயசுலயே பொண்ண மேடைல கூட ஆட வெச்சவர். கறுப்பு முடி பொண்ணு. ஸ்டுடியோக்காரங்க சாயம் பூசி, நெத்தில முடி வளர்ற வரம்பையே மின்சாரம் வெச்சு பின்னாடி தள்ளி, பேர மாத்தி ரீட்டா ஹேவொர்த் ஆக்கினாங்க. அந்த உருவத்த உடைக்கற ஒரு சான்ஸ் வந்தப்ப அவங்க ஏன் ஒத்துக்கிட்டிருக்க கூடாது?

வெல்ஸ் முதல்ல இத சின்ன பட்ஜெட்ல பார்பரா லாஜ்னு ஒரு ஃப்ரெஞ்சு பொண்ண வெச்சு எடுக்கறதாத்தான் இருந்தார், அவரே சொல்லியிருக்கார். ரீட்டா உள்ள வந்ததாலதான் அது பெரிய படமாச்சு. ரெண்டு பேரும் 1943ல கல்யாணம் பண்ணவங்க, 1944ல ரெபெக்கான்னு ஒரு பொண்ணு பொறந்துச்சு, அதுக்கப்பறம் பிரிஞ்சு இருந்தாங்க, 1946 கடைசில இந்த ஷூட்டிங் ஆரம்பிச்சப்ப கொஞ்ச நாள் திரும்ப சேந்தாங்க. மெக்சிகோ அக்காபுல்கோல நடிகர் எரால் ஃப்ளின்னோட சொந்த படகு சாகா மேல ஷூட்டிங், வெயில், பூச்சி, அவங்களுக்கு உடம்பு வேற சரியில்லாம போச்சு. 1947ல விவாகரத்து. அதாவது படம் அமெரிக்கால தியேட்டருக்கு வர்றதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சு போச்சு. அங்க படம் 1948 வரைக்கும் டப்பாக்குள்ள கிடந்துச்சு.

எனக்கு என்ன தோணுதுன்னா, இது பழி இல்ல, ரெண்டு பேரும் சேந்து பாத்த ஒரு கடைசி முயற்சி. அவங்க நல்ல நடிகைன்னு ஊருக்கு காட்டணும்னு வெல்ஸ் நினைச்சார், அவங்களும் நினைச்சாங்க. அதுல அவங்க ஜெயிச்சிட்டாங்க, ஊர்தான் கவனிக்கல.

கார்த்தி, நீங்க காதலே தெரியலன்னு சொன்னீங்கல்ல, ஒரு சின்ன விஷயம் பாருங்க. பார்க்ல அவன் ஒரு சிகரெட் நீட்டறான், நான் பிடிக்கறதில்லைங்கறா, ஆனா வேண்டாம்னு தள்ளாம வாங்கி ஒரு கர்ச்சீப்ல சுத்தி கைப்பைக்குள்ள வெச்சுக்கறா. எவ்வளவு மென்மையா இருக்கு, ஒரு அந்நியன் குடுத்தத பத்திரப்படுத்தற மாதிரி. அப்பறம் அந்த பை கீழ கிடக்க அவன் எடுக்கறான், உள்ள பாத்தா துப்பாக்கி இருக்கு. கையில துப்பாக்கி இருந்தும் ரவுடிங்க வந்தப்ப ஏன் எடுக்கலன்னு கேக்கறான், நீ கண்டுபிடிக்கணும்னுதான் பைய வீசினேன், எனக்கு சுடத்தெரியாதுன்னு சொல்றா. அந்த ஒரே பைக்குள்ள கர்ச்சீப்ல சுத்தின சிகரெட்டும் இருக்கு, துப்பாக்கியும் இருக்கு. ரீட்டா அந்த பதில சொல்றப்ப முகத்துல ஒண்ணுமே காட்ட மாட்டாங்க, முதல் தடவை பாக்கறப்ப பயந்த பொண்ணா தெரியும், முடிவு தெரிஞ்சு பாத்தா உடம்பு சிலிர்க்கும். ஏன்னா கடைசில சைனாடவுன் தியேட்டர் இருட்டுக்குள்ள அவன் திரும்ப அவ பைய தடவறான், கிரிஸ்பிய கொன்ன துப்பாக்கி அதுக்குள்ளதான் கிடைக்குது. ரெண்டு சீனையும் ஒண்ணுக்கப்பறம் ஒண்ணு போட்டு பாருங்க, அப்பறம் பேசலாம்.

---

பழைய_ப்ரிண்ட்

ராணி மேடம் சொன்னதுல பாதிய ஒத்துக்கறேன். மீதி பாதில எனக்கு வருத்தம் இருக்கு. இவ்வளவு நேரமும் ஸ்டுடியோ ஸ்டுடியோன்னு பேசறோம், வெல்ஸ் மேல ஒருத்தரும் கை வைக்கல.

அந்த ஐரிஷ் பேச்சு. படம் பூரா அவர் குரல்தான் கதை சொல்லுது, அது சீனுக்கு சீன் ஏறுது இறங்குது, சில இடத்துல காணாமலே போகுது. காதல் ஒட்டாததுக்கு பாதி காரணம் இந்த குரல்னு நான் சொல்வேன். மைக்கேல் ஒரு முரட்டு கப்பல்காரன், ஸ்பெயின் சண்டைல ஒருத்தன கொன்னவன், ஏமாளி, காதல்ல அறிவு மழுங்கினவன். வெல்ஸோட முகத்துல ஏமாளித்தனம் எங்க இருக்கு? எப்பவும் எல்லாம் தெரிஞ்ச மனுஷன் மாதிரி ஒரு பார்வை. கிரிஸ்பி வந்து இப்படி ஒரு கேவலமான திட்டத்த சொல்றப்ப, இவன் இதுல விழுவான்னு நமக்கு நம்பிக்கை வரணும்ல, வரல. வேற ஒரு நடிகன் பண்ணியிருந்தா எல்சா மேல இருக்கற பித்து நமக்கும் தொத்தியிருக்கும்.

கோர்ட் சீன் இன்னொரு பிரச்சினை. ஒரு மனுஷனோட உயிரு ஊசலாடுது, ஜூரி ஒருத்தர் தும்மிட்டே இருக்கார், பானிஸ்டரையே சாட்சிக் கூண்டுல ஏத்த, அவர் தனக்குத்தானே கேள்வி கேட்டு தானே பதில் சொல்றார். தனியா பாத்தா பிரமாதம், பானிஸ்டரா நடிச்ச எவரெட் ஸ்லோன் அள்ளிடுவார். ஆனா அது அதுவரைக்கும் வந்த படத்தோட சேரவே இல்ல. தலைக்கு மேல கத்தி தொங்கறப்ப எல்லாரையும் சிரிக்க வெச்சிட்டு, அடுத்த நிமிஷமே எல்சாவோட கண்ணப் பாத்து உருகுன்னா எப்படி உருகறது? இது கோன் பண்ணது இல்ல, வெல்ஸ் பண்ணது.

முடிவும் எனக்கு உறுத்தும். கண்ணாடி எல்லாம் நொறுங்கி பானிஸ்டர் செத்து, எல்சா தரைல தவழ்ந்துட்டு எனக்கு சாக பிடிக்கலன்னு கத்தறா. இவன் திரும்பாம நடந்து போறான். போலீஸ கூப்பிட போறேன், அவங்க வர்றதுக்குள்ள அவ செத்திருப்பாங்கறது அவனே சொல்றது. நேசிச்ச பொண்ணு குண்டடி பட்டு கிடக்கறப்ப பக்கத்துல கூட உக்கார மாட்டேங்கற ஒருத்தன நல்லவனா காட்டற படம் இது. பழிவாங்கல் இல்லன்னு ராணி மேடம் சொல்றாங்க, சரி, ஆனா அந்த நடைல இரக்கம் இல்லையே. கேமரா கூட எல்சாவ விட்டுட்டு அவன் பின்னாடியே வெளிய போயிடுது.

---

அலையோசை77

எல்லாரும் கண்ணாடி சீன் பத்தியே பேசறீங்க, நான் மீன் காட்சியகத்துக்கு கூட்டிட்டு போறேன். எனக்கு இந்த படத்தோட இதயம் அதுதான்.

சான்பிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பார்க்ல இருக்கற ஸ்டெயின்ஹார்ட் அக்வேரியம். எல்சாவும் மைக்கேலும் யாருக்கும் தெரியாம அங்க சந்திக்கறாங்க. உள்ள இருட்டு, தொட்டிங்கள்ல மட்டும் வெளிச்சம், ரெண்டு பேரும் கறுப்பு நிழலா நிக்கறாங்க, பக்கவாட்டு முகம் மட்டும் தெரியுது. பின்னாடி நீந்தற மீன கவனிங்க. முதல்ல சாதாரண அளவுல இருக்கும். அவன் கையெழுத்து போட்ட காகிதத்த அவ படிக்க படிக்க பின்னாடி வர்ற ஜந்துங்க பெருசாயிட்டே போகும், வாயப் பொளந்துட்டு ஒரு பெரிய மீன் அவ தலை அளவுக்கு மேல வந்து நிக்கும். நிஜ தொட்டில அவ்வளவு பெருசு கிடையாது. மீன தனியா எடுத்து பெருசாக்கி இவங்களுக்கு பின்னாடி சேத்திருக்காங்க. பாக்கறவனுக்கு ஏதோ சரியில்லன்னு தோணும், என்னன்னு சட்டுனு பிடிபடாது. நடுவுல அவங்க முத்தம் குடுக்கறப்ப பள்ளிக்கூட பசங்க கூட்டமா வந்து பாத்து சிரிக்கறாங்க, இவங்க விலகி நடக்கறாங்க.

இதுக்கு முன்னாடி மெக்சிகோ கடற்கரைல மைக்கேல் ஒரு சுறா கதை சொல்வான்ல, பிரேசில் பக்கம் கடல்ல ஒரு சுறாவுக்கு அடிபட்டு ரத்த வாடைக்கு மத்த சுறா எல்லாம் வந்து ஒண்ணையொண்ணு கடிச்சு, கடைசில தன் உடம்பயே தின்னு செத்ததுன்னு. பானிஸ்டர், கிரிஸ்பி, எல்சா மூணு பேரும் உக்காந்து கேக்கறாங்க. அந்த பேச்சுதான் இங்க தொட்டிக்குள்ள உருவமா வருது. கண்ணாடி அறைல முடியுது. பானிஸ்டர் அங்க எல்சாகிட்ட சொல்றார், உன்னை கொல்றது என்னையே கொன்னுக்கற மாதிரிதான், ஆனா நம்ம ரெண்டு பேர் மேலயும் எனக்கு வெறுத்துப்போச்சுன்னு. அடிபட்ட சுறா தன்னையே தின்னுது, அதேதான்.

அதனால கார்த்தி கேட்ட "காதல் எங்க"ங்கற கேள்விக்கு என் பதில் பானிஸ்டர். இந்த படத்துல துன்பமான காதல் மைக்கேலோடது இல்ல, பானிஸ்டரோடது. உடம்பு முடியாத, அசிங்கமா பேசற, பணத்தால எல்லாத்தையும் வாங்கின அந்த ஆளுக்கு அவள விடவும் முடியல வெச்சிருக்கவும் முடியல. படம் பூரா அவர் அவள 'லவர்'னு கூப்பிடறது எத்தனை தடவைன்னு கவனிங்க, ஒவ்வொரு தடவையும் அதுல விஷமும் இருக்கும், கெஞ்சலும் இருக்கும். எல்சா ஏன் இவரை கட்டிக்கிட்டான்னு படம் முழுசா சொல்லல, அவளோட சீனா வாழ்க்கைல ஏதோ ஒண்ணு அவருக்கு தெரியும்னு மட்டும் வாடை காட்டுது. சீஃபூவுல பொறந்த ரஷ்ய வம்சத்து பொண்ணு, மக்காவ், ஷாங்காய்ல பிழைச்சவ. அங்க பிழைக்க அதிர்ஷ்டம் மட்டும் பத்தாதுங்கற மாதிரி ஒரு வரி சொல்லுவா, அதுக்கு மேல நமக்கு ஒண்ணும் தெரியாது. படகுல வேலை பாக்கற பெஸ்ஸிங்கற கறுப்பின அம்மா மட்டும்தான் அவள பாவம் சின்ன பொண்ணுன்னு சொல்றது, யாராவது அவள பாத்துக்கணும்ல அதான் நான் இருக்கேங்கற மாதிரி. அந்த பார்வைய படம் பிடிச்சுட்டு போயிருந்தா வேற படமா ஆகியிருக்கும்.

---

கார்த்தி_கோவை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு வரும்னு எதிர்பாக்கல. ராணி அக்கா சொன்ன ரெண்டு கைப்பை சீனையும் போட்டு பாத்தேன். தியேட்டர் சீன்ல அவ அவன் தோள்ல சாஞ்சுட்டு இருக்கா, மேடைல சைனீஸ் நாடகம் ஓடுது, போலீஸ் தேடுது, பாக்கறவங்களுக்கு ஒரு ஜோடி நெருக்கமா உக்காந்திருக்கற மாதிரி இருக்கும், அப்ப அவன் கை துப்பாக்கில படுது. படத்துலயே அவங்க ரெண்டு பேரும் ரொம்ப நெருங்கி இருக்கற இடம் அதுதான்னு நினைக்கறேன். அது எனக்கு முதல்ல படவே இல்ல.

ஆனாலும் பழைய_ப்ரிண்ட் அண்ணா சொன்ன முடிவு விஷயத்துல நான் அவர் பக்கம். அந்த நடை கல்நெஞ்சமாத்தான் இருக்கு.

இன்னும் ரெண்டு சந்தேகம். அந்த 155 நிமிஷ கட் எங்கயாவது கிடைச்சிருக்கா? கிரிஸ்பியா நடிச்சவர் யாரு, அந்த வியர்வை முகத்த மறக்கவே முடியல.

---

ரீல்_ராணி

முடிவு பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு போயிடறேன் கார்த்தி, பழைய_ப்ரிண்ட் சாருக்கும்தான். அவன் இரக்கமில்லாம நடக்கறான்னு நீங்க சொல்றது சரி. ஆனா அவன நல்லவனா காட்டறாங்கன்னு சொன்னத ஒத்துக்க மாட்டேன். அவன் கடைசியா சொல்றது என்ன, அவள மறக்கற அளவுக்கு ரொம்ப காலம் வாழணும், இல்ல மறக்க முயற்சி பண்ணியே செத்துடுவேன்னு. ஜெயிச்சவன் பேசற பேச்சா அது? ஆரம்பத்துலயே நான் முட்டாளாக கிளம்பிட்டா யாராலயும் தடுக்க முடியாதுன்னுதான் கதைய தொடங்கறான். முழு படமும் முறிஞ்சதுக்கு அப்பறம் ஒருத்தன் உக்காந்து நினைச்சு பாக்கறது. சந்தோஷமான நாளுங்க அவன் நினைப்புலேர்ந்து அழிஞ்சுப்போச்சு, எங்க ஏமாந்தோம்ங்கறது மட்டும்தான் மிச்சம். நீங்க சிரிச்சு பேசற சீன் ஒண்ணு கூட இல்லன்னு கேட்டீங்களே, நான் அத இப்படித்தான் பாக்கறேன்.

அந்த தரைல ரீட்டா நடிச்சத திரும்ப பாருங்க. அதுவரைக்கும் அடக்கி வெச்சிருந்த குரல் அங்கதான் உடையுது. பளபளப்பு எல்லாம் போய், ஒரு சாதாரண மனுஷி சாவுக்கு பயப்படறா. அந்த குரல கேட்டுட்டு யாரும் எல்சாவ வெறும் வில்லின்னு தள்ள முடியாது.

---

எடிட்டிங்_டேபிள்

கிரிஸ்பி, க்ளென் ஆண்டர்ஸ். நாடக மேடை ஆளு, பிராட்வேல பெரிய பேரு. சினிமால அதிகம் இல்ல. அந்த 'டார்கெட் ப்ராக்டிஸ்'ங்கற வார்த்தைய ராகம் போட்டு இழுக்கறது, லென்ஸுக்கு ரொம்ப பக்கத்துல முகத்த கொண்டு வந்து வெல்ஸ் எடுத்தது, எல்லாம் சேந்து நமக்கு குமட்டற மாதிரி பண்ணிடும். அக்காபுல்கோ மலை உச்சில என்னை கொல்லுன்னு கேட்டுட்டு சட்டுனு ஃப்ரேம விட்டு விலகுவார் பாருங்க, கேமரா மேலேர்ந்து கீழ பாக்குது, காலடில கடல், மைக்கேல் மட்டும் தனியா நிக்கறான், ஒரு நொடி கிரிஸ்பி விழுந்துட்டானோன்னு இருக்கும்.

நீளமான கட் கிடைக்கல ப்ரோ, போனது போனதுதான். ஃபன் ஹவுஸ் செட்டோட ஸ்டில் போட்டோஸ் கொஞ்சம் இருக்கு, தேடினா கிடைக்கும், எலும்புக்கூடு, பெரிய வாய், துண்டு துண்டா பொம்பள உருவம்னு சுவர் பூரா வரைஞ்சு வெச்சிருப்பாங்க, வெல்ஸே ராத்திரில நின்னு பெயிண்ட் அடிச்சார்னு சொல்வாங்க. படத்துல அது கண் சிமிட்டற நேரம்தான் வரும். அந்த நீள சறுக்குல அவன் விழற இடத்துல நிறுத்தி நிறுத்தி பாருங்க, வெட்டுப்பட்டதோட ஓரம் தெரியும்.

அமெரிக்கால அப்ப ஓடல, ஃப்ரான்ஸ்லதான் முதல்ல கொண்டாடினாங்க. அமெரிக்கா தன்னோட தேசிய திரைப்பட பதிவேட்டுல சேத்தது 2018லதான். பாக்கறதுன்னா நல்ல ரெஸ்டோர் பண்ண ப்ரிண்ட்ல பாருங்க, யூட்யூப்ல கிடைக்கற மங்கலான காப்பில அந்த மீன் தொட்டி சீன் வெறும் இருட்டாத்தான் தெரியும்.